போட்டி போடத் தெரியாதவர்கள்

சனிக்கிழமை பாளையங்கோட்டைக் கூட்டத்தில் எங்கள் பருத்தி விலையைப் பற்றி நான் கேள்வி கேட்டபோது நடந்ததை நிறையப் பேர் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். அதைத் திரும்ப விவரிக்கப் போவதில்லை. "உலகச் சந்தையில போட்டி போடக் கத்துக்கோங்க தம்பி, அழுதா விலை வராது" என்று மேடையிலிருந்த பெரியவர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. சிரித்ததில் எனக்குத் தெரிந்த முகங்களும் உண்டு. சரி, இருக்கட்டும். கோபமெல்லாம் இல்லை. மூன்று நாளாகத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. போட்டி என்றால் இரண்டு பேருக்கும் ஒரே விதி வேண்டாமா?

அமெரிக்க அரசு தன் பருத்தி விவசாயிக்குக் கொடுக்கும் மானியம் விதிமீறல் என்று பிரேசில் 2002-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தது. மானியம் நின்றுவிட்டதா? பிரேசில் பதிலடி கொடுக்காமல் இருப்பதற்காக அந்த ஊர்ப் பருத்திக்காரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 14.7 கோடி டாலர் என்ற கணக்கில் அமெரிக்காவே பணம் கட்டியது. 2014-ல் இன்னொரு 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். தன் விவசாயிக்கும் கொடுத்து, கேள்வி கேட்டவனுக்கும் கொடுத்து நடத்துகிற போட்டி இது. பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி என்று நான்கு ஏழை நாடுகள் 2003-லேயே இதே நியாயத்தைக் கேட்டன. அந்தப் பேச்சு இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்றால், புது உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததில் 2019 டிசம்பரிலிருந்து அந்த அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வே முடங்கிவிட்டது. நடுவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எங்களைக் கபடி ஆடச் சொல்கிறார்கள்.

நம் அரசு மட்டும் என்ன? பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை 2025 ஆகஸ்டில் எடுத்தார்கள். செப்டம்பர் வரைதான் என்றார்கள், அப்புறம் டிசம்பர் வரை என்றார்கள். எங்கள் கரிசலில் புரட்டாசி மழையை நம்பி விதை ஊன்றுகிற நேரம் அது. நாங்கள் ஊன்றும்போதே வெளிநாட்டுப் பஞ்சு வரியில்லாமல் இறங்கியது.

"அப்போ திருப்பூர்க்காரன் சாகட்டுமா?" என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 2025-ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் அங்கே எத்தனை பேர் வேலைக்கு ஆபத்து வந்தது என்று எனக்கும் தெரியும், என் சித்தப்பா மகன் அங்கேதான் இருக்கிறான். ஆனால் வாஷிங்டனில் விழுந்த அடிக்கு மருந்துச் செலவை எங்கள் மானூர்ப் பருத்திக்காரன் தலையில் ஏன் கட்ட வேண்டும்? "நீ போட்டிருக்கும் சட்டை எந்த ஊர்ப் பஞ்சு?" என்று கேட்ட இன்னொருவருக்குப் பதில் கிடையாது. போய் வேலையைப் பாருங்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அப்பாவோடு மூன்று தாட்டுப் பருத்தி ஏற்றிக்கொண்டு கமிஷன் கடைக்குப் போனேன். முந்தின வாரம் சொன்ன விலை அன்று இல்லை. "நியூயார்க்ல வெல இறங்கிட்டு, நான் என்ன செய்ய?" என்றார் கடைக்காரர். அப்பா நிதானமாகக் கேட்டார்: "நியூயார்க்குன்னா எங்க அண்ணாச்சி, கோவில்பட்டிக்கு அந்தப் பக்கமா?" கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை, குத்தலாகத்தான் கேட்டார் என்று புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது. சனிக்கிழமை அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கடையின் பஞ்சுத் தூசி மூக்கில் ஏறியது போல இருந்தது.

எல்லா இறக்குமதியையும் நிறுத்தச் சொல்லவில்லை. திரும்பவும் சொல்கிறேன், நிறுத்தச் சொல்லவில்லை. விதைத்த பிறகு விதியை மாற்றாதே என்கிறேன். விலையில் தண்ணீருக்கும் மண்ணுக்கும் ஒரு கணக்கு வை என்கிறேன். மானாவாரியில், மருந்து அதிகம் கேட்காமல் வளர்ந்த கருங்கண்ணி என்ற நம் நாட்டுப் பருத்தியை இழை குட்டை என்று ஒதுக்கிவிட்டு, இப்போது மாநாடு போட்டு நிலைத்த வேளாண்மை என்று நமக்கே வகுப்பெடுக்கிறார்கள்.

"மலிவா கிடைச்சா மக்களுக்கு நல்லதுதானே" என்பார்கள். வ.உ.சி. கப்பல் விட்ட ஊர் இங்கிருந்து கூப்பிடு தூரம். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்று சொன்ன கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். சுதேசிக் கப்பல் போன பிறகு யாருக்கும் குடை கொடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. வ.உ.சி.க்கும் போட்டி போடத் தெரியவில்லை என்பாரா அந்தப் பெரியவர்? சொல்லட்டும், அதே மேடையில் சொல்லட்டும். அன்றைக்கு எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

நேற்று அப்பாவிடம் பேசினேன். காணொளியை அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் விடமாட்டேன். இந்த முறை பருத்தி வேண்டாம், உளுந்து போட்டிருக்கிறேன் என்றார். உளுந்தும் பர்மாவிலிருந்து வரியில்லாமல்தான் வருகிறது என்றேன்.

"அத ஏம்ல இப்பச் சொல்லுத?" என்றார்.