மறுபடியும் அதே மஞ்சள் விளக்கு

காரில் மூன்றாவது முறையாக இன்ஜின் கோளாறு விளக்கு எரிகிறது. கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் மறுபடியும் அதே பி0171 என்ற குறியீடு. காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்றுதானே அதற்கு அர்த்தம்? எந்தப் பாகம் கெட்டது என்று அது எங்கே சொன்னது? ஆனால் மெக்கானிக் எடுத்த எடுப்பில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டார். அப்புறம் குறியீட்டை அழித்தார். கோளாறு வந்த நேரத்தில் பதிவான விவரமும் அதோடு போயிற்று. காரின் கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் ட்ரிம் பார்த்தாரா? கணக்கில் வராத காற்றை இன்ஜினுக்குள் விடும் விரிசல் ஏதும் வேக்குவம் குழாயில் இருக்கிறதா என்று தேடினாரா? சரி, உள்ளே போகும் காற்றை அளக்கும் காற்றோட்ட சென்சாரையாவது கழற்றுங்கள் என்றால், அதற்குள் முடி போல மெல்லியதாக இருக்கும் கம்பியைத் துணியால் துடைக்கப் போகிறார்! அதற்கென்றே தனி ஸ்ப்ரே இருக்கிறதே! பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். கம்பி முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. இதை முதல் நாளே பார்த்திருக்கக் கூடாதா?