அந்தத் தாயை அழ விடுங்கள்

போன வாரம் அந்தச் சாவு வீட்டில் நடந்ததை நம்மில் பாதிப் பேர் நேரில் பார்த்தோம், மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்தோம். ஊர் பேரும் வேண்டாம், ஆள் பேரும் வேண்டாம். அந்தக் குடும்பம் பட்டது போதும். ஆனால் ஊழியர் ஒருவர் அந்த அம்மாவிடம் மைக்கில் சொன்ன வார்த்தையை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை.

"அம்மா, அழாதீங்க. விசுவாசி அழக்கூடாது. நீங்க அழுதா, பையன் பரலோகத்துல இருக்கான்னு நீங்க நம்பலைன்னு அர்த்தம்."

ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை ஐஸ் பெட்டியில் கிடக்கிறான். அந்த அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுகையை அடக்கியதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே வரிசையாக ஆமென், ஆமென், ஆமென். அந்த ஆமென் போட்டவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பலர் நமக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள். அதனால்தான் வலி கூடுதலாக இருக்கிறது.

யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பொறுமையாகப் படியுங்கள். அடக்கச் சடங்கில் வாசிக்கிற பகுதிதான். ஆனால் 25-ஆம் வசனத்தோடு நம் காது நின்றுவிடுகிறது. லாசரைக் கல்லறையில் வைத்து நாலு நாள் ஆகிவிட்டது. முதலில் அவன் சகோதரி மார்த்தா இயேசுவுக்கு எதிரே போய்ச் சொல்கிறார்: ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான். இது 21-ஆம் வசனம். பிறகு இன்னொரு சகோதரி மரியா வந்து காலில் விழுந்து சொல்வதும் அதே வாக்கியம்தான், 32-ஆம் வசனம். மார்த்தாவுக்கு "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே" என்று பதில் வந்தது. மரியாவுக்கு அந்தப் போதனை எதுவும் வரவில்லை. அவர் அழுததைப் பார்த்து இயேசு உள்ளம் குமுறினார். எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு தானும் அழுதார்.

ஒரே வீடு, ஒரே சாவு, ஒரே கேள்வி. பேசும் நிலையில் இருந்த சகோதரிக்குப் பேச்சு, பேச முடியாமல் காலில் விழுந்தவருக்குக் கண்ணீர். துக்க வீட்டுக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: எதிரே உட்கார்ந்திருப்பவர் மார்த்தாவா, மரியாவா? போன வாரம் அங்கே உட்கார்ந்திருந்தது மரியா. அவருக்கு மைக்கில் பிரசங்கம் வைத்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லாசரை எழுப்பப் போகிறேன் என்று 11-ஆம் வசனத்திலேயே இயேசு சொல்லிவிட்டார். இன்னும் சற்று நேரத்தில் அவன் கட்டுகளோடு நடந்து வெளியே வருவான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். நிலைவாழ்வை, அதாவது முடிவில்லாத வாழ்வை, கையில் வைத்திருந்தவரே அழுதிருக்கிறார் என்றால், அதைக் காத்திருந்து பெறப்போகிற ஒரு தாய் அழுவதை அவிசுவாசம் என்று சொல்ல யாருக்கு உரிமை?

திருத்தூதர் பவுலே அழக்கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்று இன்பாக்ஸில் இரண்டு பேர் வசனம் அனுப்பினார்கள். தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் கடிதம், 4-ஆம் அதிகாரம், 13-ஆம் வசனம். நன்றி, முழுதாகப் படிப்போம். எதிர்நோக்கு, அதாவது வரப்போவதன் மேல் நம்பிக்கை, இல்லாத மற்றவர்களைப் போலத் துயரப்படாதீர்கள் என்கிறார். துயரப்படவே கூடாது என்று அவர் நிறுத்தவில்லை. அந்தப் பகுதி 18-ஆம் வசனத்தில் எப்படி முடிகிறது என்றும் பாருங்கள்: இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் ஆறுதல்படுத்துங்கள். அது ஆறுதலுக்குக் கொடுத்த வசனம். அதை எடுத்து அழுகிறவரை அடிக்கக் கூடாது. அதே பவுல்தான் பிலிப்பியருக்கு எழுதும்போது "சாவது ஆதாயம்" என்றார். அதே கடிதத்தின் அடுத்த அதிகாரத்தில், சாகக் கிடந்த எப்பப்பிராதித்து பிழைத்ததைச் சொல்லும்போது, துயரத்துக்கு மேல் துயரம் வராதபடி கடவுள் என்மேல் இரக்கம் வைத்தார் என்கிறார். நண்பன் இறந்திருந்தால் பவுல் அழுதிருப்பார் என்பதற்கு அவர் எழுத்தே சாட்சி.

இயேசுவே ஒரு தாயிடம் "அழாதே" என்று சொன்னாரே என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன், நற்செய்தியைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். லூக்கா 7-ஆம் அதிகாரம், நயீன் ஊர்க் கைம்பெண், ஒரே மகன். ஆண்டவர் பரிவு கொண்டார் என்று அங்கே வருகிற கிரேக்கச் சொல் குடலைக் குறிக்கிற சொல்லிலிருந்து பிறந்தது. நம் ஊர்ப் பெண்கள் "என் பெத்த வயிறு பத்தி எரியுதே" என்று கதறுகிறார்களே, கிட்டத்தட்ட அதே இடம். அவருடைய வயிறும் எரிந்தது. அப்புறம்தான் அழாதே என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை, பாடையைத் தொட்டு நிறுத்தி, மகனை எழுப்பித் தாயின் கையில் கொடுத்தார். கொடுக்க முடிந்தவர் சொன்ன சொல் அது. நம்மால் அந்தப் பிள்ளையை எழுப்பிக் கொடுக்க முடியாது. முடியாதவர்களுக்கு வேறொரு கட்டளை இருக்கிறது, உரோமையர் 12:15. அழுகிறவர்களோடு அழுங்கள்.

பிற மதத்தார் முன்னால் நமக்குச் சாட்சி வேண்டும் என்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் யாருக்கும் சாட்சிப் பலகை இல்லை.

ஒப்பாரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அன்றைக்குப் பெரியம்மா ஒருவர் ராகம் எடுத்தபோது "இதெல்லாம் நம்ம வழக்கம் இல்ல" என்று கையைப் பிடித்து நிறுத்தினார்கள். நம்ம வழக்கம் இல்லையா? விவிலியத்தில் புலம்பல் என்றே ஒரு நூல் இருக்கிறது. அதன் முதல் நாலு அதிகாரங்களும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்து வரிசையில் கட்டிய பாட்டு. எரேமியா 9-ஆம் அதிகாரத்தில், ஒப்பாரி வைக்கிற பெண்களை வரவழையுங்கள், உங்கள் மகள்களுக்கும் புலம்பக் கற்றுக் கொடுங்கள் என்று ஆண்டவரே சொல்கிறார். சவுலும் யோனத்தானும் செத்தபோது தாவீது இரங்கற்பா பாடி, அதை யூதா மக்களுக்குக் கற்றுக் கொடுக்கச் சொன்னார். விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானைப் புதைத்த பக்தியுள்ள மனிதர்கள் அவருக்காகப் பெரிதாக மாரடித்துப் புலம்பினார்கள் என்று திருத்தூதர் பணிகள் 8:2 சொல்கிறது. அந்தப் பெரியம்மா எடுத்த ராகம் நமக்கு அந்நியமானது இல்லை. மூவாயிரம் ஆண்டுப் பழக்கம்.

அன்றைக்கு என்ன செய்திருக்கலாம்? தரையில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் தரையிலேயே உட்காரலாம். பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. ஜெபம் இரண்டு நிமிடம் போதும், இறந்தவர் பெயரைச் சொல்லி. "நல்ல பூவைத்தான் கடவுள் பறிப்பார்" என்று குழந்தைகள் காதில் விழும்படி சொல்லாதீர்கள். நல்ல பிள்ளையாக இருந்தால் செத்துப்போவோம் என்று ஒரு தம்பி பயந்துவிடுவான். "ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பியிருந்தா இப்படி ஆகியிருக்காது" என்றும் ஒருவர் சொன்னாராம். சிலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். லூக்கா 13:4. சாலையில் செத்தவனுக்கும் அந்தப் பதில்தான்.

அப்புறம் உடம்பைப் பாருங்கள். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை. காலையில் மாத்திரை போட்டுவிட்டுச் சாயங்காலம் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்தார். அடக்கத்துக்குப் பிறகு மயக்கம் வந்ததைச் சிலர் "ஆவியின் பாரம்" என்றார்கள். அது வெறும் வயிறு. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பது தெரிந்ததுதானே, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு செம்பு கஞ்சியோ மோரோ கொண்டுவந்து கையில் கொடுத்துக் குடிக்கும் வரை கூட இருக்க ஒருவர் போதும். இன்னொருவர் காகிதங்களைப் பார்க்கலாம். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், விபத்து என்பதால் எஃப்.ஐ.ஆர். நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் பத்திரமாக வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீட்டுக்கு அலைச்சல். இது ஆன்மிகமா என்று கேட்காதீர்கள். மத்தேயு 25-இல் கடைசி நாள் தீர்ப்பைப் படியுங்கள். சோறு, தண்ணீர், தங்க இடம், துணி, நோயாளி, கைதி. பழைய மொழிபெயர்ப்பில் "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்று வரும். குணமாக்கினீர்கள் என்று இல்லை, விடுதலை வாங்கித் தந்தீர்கள் என்றும் இல்லை. வந்தீர்கள், அவ்வளவுதான். அந்தப் பகுதியின் கடைசி வசனத்தில்தான் நிலைவாழ்வு என்ற சொல் வருகிறது.

நிலைவாழ்வு செத்த பிறகு தொடங்குகிற ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். யோவான் முதல் கடிதம் 3:14 என்ன சொல்கிறது? நாம் சாவிலிருந்து வாழ்வுக்குக் கடந்து வந்துவிட்டோம், சகோதரரிடம் அன்பு செலுத்துவதால் அது நமக்குத் தெரியும். வந்துவிட்டோம் என்கிறார், வருவோம் என்று சொல்லவில்லை. திருச்சபை கொண்டாடிய 2025 யூபிலி ஆண்டு முழுக்க எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று கோயிலுக்குக் கோயில் பதாகை கட்டினோம். அந்த எதிர்நோக்கை ஒரு தாயின் வாயை அடைக்கவா கட்டினோம்?

இதே பயம்தான் சாகப்போகிறவர் வீட்டிலும். நோயில்பூசுதலுக்கு, அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற சடங்குக்கு, சாமியாரைக் கூப்பிடுங்கள் என்றால், "ஐயோ, பார்த்தா பயந்துடுவாரு" என்று தள்ளிப்போட்டு, மூச்சு நின்ற பிறகு ஓடுகிறார்கள். இறந்தவருக்கு அந்த அருளடையாளம் கிடையாது. முன்பு அதை அவஸ்தைப்பூசுதல் என்று சொன்ன காலத்துப் பயம் இன்னும் போகவில்லை. கடைசி மூச்சில் இருப்பவர்களுக்கு மட்டுமானது அல்ல என்று 1963-இலேயே வத்திக்கான் சங்கம் சொல்லி, 1972-இல் புதிய சடங்கும் வந்துவிட்டது. பெரிய ஆபரேஷனுக்கு முன்பே பெறலாம், வயதாகித் தளர்ந்தவர் பெறலாம். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசும்போது நோயாளிக்கு நினைவு இருந்தால் அவரே ஆமென் சொல்லலாம். அந்த ஆமென் எவ்வளவு பெரியது.

இன்னும் சொல்கிறேன், மனசு தாங்கவில்லை. தூக்கில் தொங்கியவர், மருந்து குடித்தவர் வீட்டுக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? "அவன் நரகத்துக்குத்தான்" என்று திண்ணையிலேயே தீர்ப்பு. கல்லறைத் தோட்டத்தில் வேலி ஓரமாக ஒதுக்கிய குழிகளை நம் பக்கத்து ஊர்களில் பெரியவர்களுக்குத் தெரியும். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்கச் சடங்கை மறுக்கும் விதி இருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது எடுக்கப்பட்டுவிட்டது. அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்று 1992-இல் வந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2283-ஆம் எண்ணில் சொல்கிறது. கடும் மன வேதனையும் அச்சமும் பொறுப்பைக் குறைக்கும் என்று அதற்கு முந்தைய எண்ணில் இருக்கிறது. திருச்சபை எடுத்துவிட்ட வேலியை நாம் ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? அந்த வீட்டுத் தாயும் வாயைப் பொத்திக்கொண்டுதான் அழுகிறார், வெட்கத்தில்.

நான் ஊழியத்துக்கு எதிரி என்று எழுதுவார்கள். எழுதட்டும். மைக் பிடித்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அப்படிக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். புனித அகுஸ்தீனுக்கே அந்தத் தடுமாற்றம் இருந்தது. 387-இல் ஒஸ்தியாவில் தாய் மோனிக்கா இறந்தபோது, அழுவது தகாது என்று அடக்கிக்கொண்டார், கதறிய அகுஸ்தீனின் மகனையும் மற்றவர்கள் அடக்கினார்கள். குளித்துப் பார்த்தார், துக்கம் போகவில்லை. தூங்கி எழுந்த பிறகு தனிமையில் உடைந்து அழுதார், அதைக் கடவுள் முன்னால் மறைக்காமல் எழுதியும் வைத்தார். மைக் பிடித்தவர் திரும்பவும் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், மைக் இல்லாமல். அந்த அம்மா அவர் முன்னால் அழ வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

அடுத்து நடப்பது நமக்குத் தெரியும். ஏழாம் நாள் வரை கூட்டம் இருக்கும். முப்பதாம் நாள் பூசைக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள். இடையில் இரண்டாவது, மூன்றாவது வாரம் வீடு வெறிச்சென்று கிடக்கும், அப்போதுதான் செய்தி உள்ளே இறங்கும். அன்பியத்தில், அக்கம்பக்கத்தார் கூடி ஜெபிக்கிற குழுவில், பேசி ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அவரைத் தனியாக மெழுகுவர்த்தி வாங்க விடாதீர்கள். முதல் கிறிஸ்துமஸ் இரவு யார் அந்த வீட்டில் இருப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

பையன் வேலைக்குப் போகும் முன் செய்துகொண்டிருந்த ஒரு வேலை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இரண்டு மாடு, காலை ஐந்தரைக்கெல்லாம் பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும். இந்த வாரம் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார், அவர் திங்கட்கிழமை பெங்களூருக்குத் திரும்புகிறார். செவ்வாயிலிருந்து ஆள் வேண்டும். கறக்கத் தெரிந்தவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள், எந்த வீடு என்று சொல்கிறேன்.