மலையில் தொலைந்தவனுக்கு பில் அனுப்பலாமா?

"காப்பாத்தினது போதும், செலவை அவன் தலையிலயே கட்டுங்க." கனடாவின் வான்கூவரில் பனிக்காலம் தொடங்கிவிட்டால், மலையில் யாராவது மாட்டிக்கொண்ட செய்திக்குக் கீழே இந்த வசனம் தவறாமல் வரும். நம் ஆட்களின் வாட்ஸப் குழுக்களிலும்தான். வரிப்பணம், ஹெலிகாப்டர், கொழுப்பு என்று வரிசையாக விழும். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

முதலில் இந்த ஊர் அமைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். டவுன்டவுனில் சீபஸ் என்கிற பயணிகள் படகில் ஏறினால் 12 நிமிடத்தில் எதிர்க்கரையில் லான்ஸ்டேல் கீ. அங்கிருந்து 236-ம் நம்பர் பஸ் நேராக கிரவுஸ் மலையடிவாரத்தில் இறக்கிவிடும். சிகரம் 1,231 மீட்டர். ராத்திரியில் அங்கே ஸ்கீ என்கிற பனிச்சறுக்கு ஓடுகிற சரிவுகளின் விளக்கு ஊருக்குள்ளிருந்தே பளிச்சென்று தெரியும். கோடையில் கிரவுஸ் கிரைண்ட் நடைபாதை: இரண்டரை கிலோமீட்டருக்குள் 800 மீட்டர் ஏற்றம், இரண்டாயிரத்துக்கும் மேல் படி. ஏறத்தான் அனுமதி, இறங்குவதற்கு ரோப்கார். பஸ் கார்டைத் தட்டிவிட்டுப் போய்ச் சேருகிற இடம் என்பதால் பூங்காவுக்குப் போகிற மாதிரி கிளம்பிவிடுகிறோம். அந்தப் பாதையிலேயே 1999 ஜனவரியில் பனிச்சரிவு ஓர் ஆளைக் கொன்றிருக்கிறது.

தொலைகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொலைகிறார்கள். டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும்; மரங்களுக்கு அடியில் அதற்கு முன்பே இருட்டு. பாதை தப்பும். போன் டார்ச்சைப் போட்டதில் சார்ஜும் போகும். ஊர் கீழேதானே இருக்கிறது, ஓடையைப் பிடித்து இறங்கினால் ரோடு வந்துவிடும் என்று இறங்குவார்கள். ஓடை இங்கே பாறை இடுக்குக்குள் நுழைந்து அருவியாக விழும். அதன் தலைமாட்டில் போய் நிற்கும்போது முன்னால் செங்குத்து, பின்னால் இறங்கி வந்த வழுக்குப் பாறை. இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. இங்கேயே இன்னொரு ஸ்கீ மலையான சைப்ரஸுக்குப் பின்பக்கம் இருக்கும் டோனி பேக்கர் கல்லி என்கிற மலை இடுக்கு இதற்கே பேர்போனது. ஸ்கீ எல்லைக் கயிற்றைத் தாண்டிப் புதுப் பனி தேடிப் போகிறவர்கள் அங்கே மாட்டுவார்கள். கொடுமை என்னவென்றால், அந்தப் பக்கத்துத் தண்ணீர் ஊரை நோக்கி வருவதே இல்லை, ஹவ் சவுண்ட் கடலுக்குப் போகிறது.

இவர்களைத் தேடிப் போவது நார்த் ஷோர் ரெஸ்க்யூ. 1965-ல் தொடங்கிய தன்னார்வக் குழு. பகலில் வேறு வேலை பார்க்கிற மனிதர்கள், கூப்பிட்டால் பாதி ராத்திரியில் கயிறும் ஸ்ட்ரெச்சருமாக இறங்குகிறார்கள், ஆண்டுக்கு நூறு தடவைக்கும் மேல். பல வருஷம் அதன் முகமாக இருந்த டிம் ஜோன்ஸ் 2014 ஜனவரியில் சீமோர் மலையில் குழுவின் குடிசையிலிருந்து இறங்கி வரும்போது மாரடைப்பில் இறந்தார். பிழைப்புக்கு ஆம்புலன்ஸ் பணியாளர்.

கோபப்பட உரிமை உள்ளவர்கள் இந்தக் குழுவினர்தான். அவர்களே பில் வேண்டாம் என்கிறார்கள். பணம் கேட்பார்கள் என்று பயந்தால் மாட்டிக்கொண்டவன் போன் பண்ணமாட்டான், தானே இறங்கிப் பார்ப்பான். மூன்று மணிக்கு அழைத்திருந்தால் வெளிச்சத்தில் ஹெலிகாப்டரில் முடிந்திருக்கும் வேலை, ராத்திரி பதினோரு மணிக்குக் கால் உடைந்த, குளிரில் விறைத்த ஆளைத் தேடும் வேலையாகிவிடும். பத்துப் பேர் அந்த இடுக்கில் கயிற்றில் தொங்கணும்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் கவனக்குறைவாகப் போனவர்களிடம் வசூலிக்கிறது, தெரியும். இங்கேயே ஆம்புலன்ஸுக்கு 80 டாலர் பில் வருகிறதே என்றும் கேட்கிறார்கள். வருகிறது. அந்த 80 டாலரை நினைத்து நெஞ்சுவலியோடு டாக்ஸி பிடிக்கிற ஆட்கள் நம்மிடையே இல்லையா? மலையில் டாக்ஸியும் கிடையாது.

போன நவம்பரில் ஒரு மதியம், மூன்று மணி தாண்டி, லின் கேன்யன் என்கிற மலைப்பூங்கா பக்கம் நான் இறங்கிக்கொண்டிருந்தபோது நம் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் எதிரே ஏறி வந்தார்கள். படிக்க வந்தவர்கள். காலில் கான்வாஸ் ஷூ, பருத்தி ஹூடி, ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட். "மேலே வியூபாயிண்ட் எவ்ளோ தூரம்ணா?" என்று ஒருவன் கேட்டான். திருப்பி அனுப்பினேன், முறைத்துக்கொண்டே போனார்கள். கொழுப்பெடுத்த பிள்ளைகளாக எனக்குத் தெரியவில்லை. இருட்டு எத்தனை மணிக்கு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்ல வேண்டியவர்கள், முன்னாடியே இங்கே வந்து குடியேறிவிட்ட நாம். தலையில் மாட்டும் டார்ச், மழைக்கோட்டு, எங்கே போகிறோம் எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒரு மெசேஜ். மாட்டிக்கொண்டால் நின்ற இடத்திலேயே நின்று அவசர உதவி எண் 911.

அந்தக் குழு நன்கொடை வாங்குகிறது. பில் அனுப்பியே ஆகணும் என்று துடிக்கிறவர்கள் தங்கள் பங்கை அங்கே அனுப்பலாம்.