ராவ் அன்வரை மறுபடி மறுபடி மலீருக்கு அனுப்பியது யார்?

2019 டிசம்பர் 10. அமெரிக்கக் கருவூலத் துறை வெளியிட்ட தடைப் பட்டியலில் கராச்சியின் ராவ் அன்வர் பெயரும் இருந்தது. கராச்சியின் மலீர் மாவட்டத்தின் முன்னாள் எஸ்.எஸ்.பி., அதாவது மாவட்டப் போலீஸ் தலைவர். 190க்கும் மேற்பட்ட என்கவுன்ட்டர்கள், 400க்கும் மேற்பட்ட சாவுகள் என்றது அறிவிப்பு. அடுத்த வருடம் அதே தேதியில் பிரிட்டனும் தடை போட்டது. பலர் பாராட்டினார்கள். எனக்கு மனசு வரவில்லை. மனிதர் 2019 தொடக்கத்திலேயே ரிட்டையர் ஆகிவிட்டார்.

கராச்சி போலீஸின் சொந்தக் கணக்கே இதைவிடப் பெரியது. 2011 முதல் 2018 வரை ராவ் அன்வர் பொறுப்பில் 745 என்கவுன்ட்டர், 444 பேர் சாவு. இத்தனை 'துப்பாக்கிச் சண்டை'யிலும் ஒரு போலீஸ்காரருக்குக்கூடக் காயம் இல்லையாம். ஃபைலைப் புரட்டிய எந்த மேலதிகாரிக்கும் இது உறுத்தவில்லையா?

அவரை யாரும் தொடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2015இல் கராச்சியின் பெரிய கட்சியான எம்.க்யூ.எம்.முக்கு இந்திய உளவுத்துறையோடு தொடர்பு என்று பிரஸ்மீட் வைத்துச் சொன்னார், பதவியிலிருந்து தூக்கினார்கள். 2016இல் சிந்து சட்டசபை எதிர்க்கட்சித் தலைவரைக் கைது செய்தார், அன்றைக்கே சஸ்பெண்ட். இரண்டு தடவையும் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டார். அதாவது அரசியல்வாதி மேல் கை வைத்தால் நாற்காலி ஆடும். ஊர் ஓரத்தில் ஏழைகள் செத்தால் ஆடாது.

2018 ஜனவரியில்தான் கணக்கு பிசகியது. நகீபுல்லா மெஹ்சூத், 27 வயது, ஆப்கான் எல்லையை ஒட்டிய தெற்கு வஜீரிஸ்தானைச் சேர்ந்த பஷ்தூன் இனத்தவர். மாடலாக ஆசை. நீள முடியை ஸ்டைலாக வாரிவிட்டு எடுத்த படங்களை முகநூலில் போட்டு வைத்திருந்தார். ஹோட்டலில் இருந்தவரைப் பிடித்துக்கொண்டு போய், ஜனவரி 13 அன்று வேறு மூவரோடு சுட்டுக் கொன்றார்கள். தாலிபான் ஆள் என்றார் ராவ் அன்வர். ஆனால் அந்தப் படங்கள் ஊரெல்லாம் பரவிவிட்டன. பார்த்த யாரும் கதையை நம்பவில்லை. இஸ்லாமாபாத்தில் பஷ்தூன்கள் உட்கார்ந்த தர்ணா, பஷ்தூன் தஹஃபுஸ் (பாதுகாப்பு) இயக்கமாகவே வளர்ந்தது. (அந்தப் படங்கள் இல்லாமல் இருந்திருந்தால் இவரும் அந்த 444இல் ஒன்றுதான்.)

அப்புறம் நடந்தது கூத்து. துபாய்க்குப் பறக்கப் பார்த்தவரை இஸ்லாமாபாத் விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். பிறகு ஆளையே காணோம். மார்ச்சில் முகமூடி போட்டுக்கொண்டு உச்ச நீதிமன்றத்துக்குத் தானே காரில் வந்து இறங்கினார். அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. வீட்டையே கிளைச் சிறை என்று அறிவித்தார்கள். இதற்கு நடுவே, அப்போது முன்னாள் ஜனாதிபதியாக இருந்த ஆசிஃப் அலி சர்தாரி ஒரு பேட்டியில் அவரை 'தைரியசாலிப் பிள்ளை' என்று மெச்சிக்கொண்டார். நகீபுல்லாவின் அப்பா முகமது கானோ கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து, புற்றுநோயில் 2019 டிசம்பரில் காலமானார்.

தடைப் பட்டியலில் எனக்குள்ள குறையே இதுதான். ஒரு மாவட்ட அதிகாரி ஏழு வருடம் இதைத் தனியாகச் செய்ய முடியாது. ஒவ்வொரு தடவையும் அவரை மலீரிலேயே கொண்டுவந்து உட்கார வைத்த ஆர்டரில் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர்களில் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை.

உள்ளூர் நீதி எங்கே நின்றது தெரியுமா? 2019 ஜனவரியில் கராச்சி பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம், இறந்த நால்வரும் நிரபராதிகள் என்று சொல்லி அவர்கள் மேல் போட்ட வழக்குகளை ரத்து செய்தது. சரி, அப்படியானால் கொன்றது யார்? விசாரணையில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். 2023 ஜனவரி 23 அன்று, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி ராவ் அன்வரையும் அவரோடு இருந்த மற்றவர்களையும் விடுதலை செய்துவிட்டார்கள்.