யார் சொல்லிக் கொடுத்தது?

நேற்று ராத்திரி அந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். மெக்சிகோவின் மாயன் மக்களுக்குப் பிரமிடு கட்டச் சொல்லிக் கொடுத்தது நம்ம புராணச் சிற்பி மயனாம். பெயர் ஒத்துப்போகிறதாம், பிரமிடும் எகிப்துப் பிரமிடோடு ஒத்துப்போகிறதாம். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "அவங்களாவே கட்டியிருக்க முடியாதாண்ணே?" வந்த பதில்: "காட்டுவாசிங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுக்காம எப்படி வரும் தம்பி?" அதற்கு 47 லைக்.

அண்ணே, பெரு நாட்டில் சூப்பே ஆற்றுப் பள்ளத்தாக்கில் காரல் என்று ஒரு ஊர். ரூத் ஷேடி என்ற தொல்லியலாளர் 1990களில் தோண்டினார். பிரமிடு போன்ற மேடைகளுக்குள்ளே, கல்லை நிரப்பி அடுக்கிய நாணல் பைகள் அப்படியே கிடந்தன. அந்த நாணலை வைத்துக் கணித்த காலம் 2001-ல் வெளியானது. சுமார் 4600 வருஷம். எகிப்தில் பிரமிடு எழுந்துகொண்டிருந்த அதே காலம். காரலில் மண்பானைகூடக் கிடையாது. இருந்தது பருத்தியும் நெத்திலியும். உள்ளூர்ப் பருத்தி வலையாகிக் கடற்கரைக்குப் போனது, அங்கிருந்து கருவாடு வந்தது. கூழைக்கடா எலும்பில் செய்த 32 குழல்கள் கிடைத்திருக்கின்றன. நெத்திலிக் கருவாடு தின்று, குழலூதி, நகரம் கட்டியிருக்கிறார்கள். அவர்களாகவே.

"வடிவம் ஒண்ணா இருக்கே?" களத்துமேட்டில் நெல்லைக் குவித்தால் எந்த வடிவத்தில் நிற்கிறது? அதையும் எகிப்துக்காரன் வந்து சொல்லிக் கொடுத்தானா? எகிப்தில் சக்காராவின் படிப் பிரமிடு கி.மு. 2650 வாக்கில் கட்டிய கல்லறை. மெக்சிகோவின் தியோத்திவாகானில் சூரியப் பிரமிடு கி.பி. 200 வாக்கில். நடுவில் சுமார் 2850 வருஷம். கப்பல் கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கிறது போல.

சரி, நம்ம ஆட்கள் கப்பலேறி அங்கே போனார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பிடி நெல் கொண்டு போகவில்லையா? ஒரு மாடு? மெக்சிகோவில் சக்கரம் வைத்த மண்பொம்மைகள் கிடைத்திருக்கின்றன, வண்டி இழுக்க மாடுதான் இல்லை. ஒரு காட்டுப்புல்லை 9000 வருஷத்துக்கு முன்னால் பிடித்து வளர்த்து வளர்த்து மக்காச்சோளம் ஆக்கியவர்கள் அவர்கள். அவர்களாகவே!

"அப்போ பழைய நாகரிகங்களுக்குள் தொடர்பே இல்லையா?" என்று ஒரு நண்பர் நியாயமாகவே கேட்டிருந்தார். இருந்தது. மெசபடோமியாவின் உர் நகரில் சிந்துவெளி முத்திரைகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அங்கே சிகுராத் என்ற படியடுக்குக் கோயில் கோபுரம், மொகஞ்சதாரோவில் தெருத்தெருவாகச் சாக்கடை. சரக்கு வாங்கினால் கடைக்காரர் வாத்தியாராகிவிடுவாரா?

"நீயெல்லாம் தமிழனா" குழுவுக்குப் பதில் கிடையாது.

எங்கப்பா கொத்தனார். மாடித்தளம் போட்டால் ரசமட்டத்தோடு நிறுத்த மாட்டார். நாலு மூலையிலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது ஓடுகிற ஓட்டத்தை உட்கார்ந்து பார்த்துத்தான் வாட்டத்தைச் சரிசெய்வார். ஒரு வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "எந்த இன்ஜினியர் சொன்னது?" என்றார். "நானாத்தாங்க சார்." "இல்ல, யாராவது சொல்லியிருப்பாங்க." நான் பக்கத்தில் சாந்துச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி அப்பா கூலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இதையே மூன்று தடவை அம்மாவிடம் சொன்னார்.

இஞ்சினியரிடமோ வாத்தியாரிடமோ இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. யாருக்கு மூளை இருக்காது என்று முன்னாலேயே முடிவாகிவிட்டதோ, அவனிடம் மட்டும்தான் கேட்பார்கள். கீழடியை எவனாவது "வெளியூர்க்காரன் வந்து கொடுத்தது" என்றால் நமக்கு எப்படிக் கொதிக்கிறது? பெருக்காரனுக்கும் மெக்சிகோக்காரனுக்கும் மட்டும் கொதிக்கக் கூடாதா?

அந்த 47 லைக்கில் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். பெயர் சொல்லவில்லை. ரெண்டு நாளைக்கு எனக்கு போன் பண்ணாதீங்க.