லூசி யார்? போதை மருந்தா, பள்ளித் தோழியா?

பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸின் 'லூசி இன் தி ஸ்கை வித் டயமண்ட்ஸ்' பாட்டின் தலைப்பு எல்.எஸ்.டி. போதை மருந்துக்கான ரகசியக் குறியீடு என்ற பதிவு மறுபடியும் சுற்றுகிறது. பாட்டு வந்த 1967-லேயே கிளம்பிய கதை இது. லூசி, ஸ்கை, டயமண்ட்ஸ் என்ற முக்கியச் சொற்களின் ஆங்கில முதல் எழுத்துகள் அப்படிப் பொருந்துவது உண்மைதான். ஆனால் தலைப்பு வந்த வழி வேறு.

பாட்டை எழுதிய பீட்டில்ஸ் உறுப்பினர் ஜான் லென்னனின் மகன் ஜூலியன் அப்போது மழலையர் பள்ளிச் சிறுவன். கூடப் படித்த லூசியை வரைந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். என்ன இது என்று அப்பா கேட்டதும், வைரங்களோடு வானத்தில் இருக்கும் லூசி என்றான். அதுவே தலைப்பானது. லென்னன் கடைசிவரை இதையே சொன்னார். ஓவியத்தைப் பார்த்ததாகக் குழுவின் இன்னொருவரான ரிங்கோ ஸ்டாரும் சொல்லியிருக்கிறார். பாட்டில் ஆற்றில் படகு போகும் காட்சிகளுக்கு லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதைகள்தான் தூண்டுதல் என்பதும் லென்னன் சொன்னதே.

சரி, பாட்டுக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லையா? அப்படிச் சொன்னால் அது இன்னொரு பொய். அந்த நாட்களில் லென்னன் எல்.எஸ்.டி. எடுத்தவர்; பாட்டில் அதன் சாயல் தெரிவதாக குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியே 2004-ல் ஒப்புக்கொண்டார். குறியீடு என்பதுதான் கட்டுக்கதை.

அப்புறம், இந்தப் பாட்டை பி.பி.சி. தடை செய்தது என்றும் சொல்கிறார்கள். ஆனால் போதையைக் காரணம் காட்டி பி.பி.சி. தடை செய்ததாகத் தெளிவாகப் பதிவாகியிருப்பது அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'எ டே இன் தி லைஃப்'. பகிர்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.