வெட்டினது யார் பாக்கெட்டை?

போன சனிக்கிழமை பட்டர்வொர்த் விருந்துல, எங்க லாயருக்குப் பொன்னாடைன்னு கூப்பிட்டு வச்சு, அந்தச் சங்கத்துப் பெரிய மனுசர் மைக்ல சொன்னதை எல்லாரும் பாத்திருப்பீங்க. எனக்கே நாலு வாட்சாப் குழுவுல இருந்து வந்துச்சு. "அப்பா மரம் வெட்டினாரு, மகன் நம்ம பாக்கெட்டை வெட்டுறாரு." மகன்னா எங்க லாயர், அப்பா தோட்டத்துல ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவரு. மண்டபமே சிரிச்சுச்சு. கை தட்டல் வேற.

சரி, சிரிச்சு முடிச்சாச்சா? இப்போ கணக்கு பாப்போம். நான் லாயர் இல்ல, சின்ன ஊர் லாயர் ஆபீஸ்ல கிளார்க். ஃபைல் திறக்கிறதும் நான்தான், மூடுறதும் நான்தான்.

இங்க மலேசியாவுல 300,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு வீடு வாங்குறீங்க. 270,000 பேங்க் கடன். முதல் வீட்டுச் சலுகை இல்லன்னு வைங்க. விற்பனை ஒப்பந்தத்துக்கு லாயர் ஃபீஸ், 2023 ஜூலையில வந்த கட்டண ஆணைப்படி முதல் 500,000 வரைக்கும் 1.25 விழுக்காடு. 3,750 வெள்ளி. கடன் பத்திரத்துக்கும் அதே விகிதம், 3,375. பெயர் மாத்துற முத்திரை வரி 5,000. கடன் பத்திரத்துக்கு முத்திரை வரி 1,350. மொத்தம் 13,475. பதிவு, தேடல்னு சில்லறைச் செலவு தனி. வெளியில போய் நீங்க சொல்றது: "லாயர் பதிமூணாயிரம் புடுங்கிட்டான்."

அதுல 6,350 அரசாங்கத்துக்குப் போற முத்திரை வரி. 3,375 பெரும்பாலும் பேங்க் பட்டியல்ல இருக்கிற லாயருக்கு. எங்களை மாதிரி ஷாப்லாட் மாடியில ஒரு லாயர், ரெண்டு கிளார்க்னு ஓடுற ஆபீஸை எந்த பேங்க் பட்டியல்ல சேக்குது? மிச்சம் எங்களுக்கு 3,750. அதுவும் கேக்கறவங்களுக்குத் தள்ளுபடி, கேக்காதவங்களுக்குச் சொந்தக்காரத் தள்ளுபடி.

யார் பாக்கெட்டை யார் வெட்டினது?

அந்த 3,750-க்கு வேலை ஒரு நாள் கையெழுத்துன்னு நினைக்கிறாங்க. வழக்கமா மூணு மாசம், நீட்டிப்பு ஒரு மாசம். நில அலுவலகத்துல தேடல், கிரான்ல (நிலப் பட்டாவுல) கேவியட், அதாவது பெயர் மாத்தத் தடை, இருக்கான்னு பாக்கணும். ஒரு தடவை பாத்தா போதாது, பணம் கைமாறுறதுக்கு முன்னாடி மறுபடியும் பாக்கணும், இடையில எவனாச்சும் கேவியட் போட்டிருப்பான். குத்தகை நிலம்னா மாநில அரசு ஒப்புதலுக்குக் காத்திருக்கணும், அங்க மாசக்கணக்குல நிக்கும். விக்கிறவருக்கு நில ஆதாய வரி வரும்னா விலையில 3 விழுக்காட்டைப் பிடிச்சு 60 நாளுக்குள்ள வருமான வரி வாரியத்துல கட்டணும். தவறினா 10 விழுக்காடு அபராதம். அதைக் கட்சிக்காரர் கட்டுவாரா? லாயர் தலையிலதான்.

இதெல்லாம் சரியா நடந்தாலும், நம்ம ஆளுங்க ஃபைல்ல பெரும்பாலும் இடறுறது பெயர்ல. தோட்டத்துல பிறந்த பெரியவருக்கு அந்தக் காலத்துக் கிராணி (தோட்டத்துக் கிளார்க்) ஒரு மாதிரி எழுதியிருப்பாரு, ஐ.சி.யில (அடையாள அட்டையில) இன்னொரு மாதிரி, கிரான்ல மூணாவது மாதிரி. முனியாண்டிக்கு இங்கிலீஷ்ல கடைசி எழுத்து 'i'-யா 'y'-யா? அந்த ஒரு எழுத்துக்குச் சத்தியப் பிரமாணம் தயாரிச்சு, ஆணையர் முன்னாடி கையெழுத்து வாங்கி, பெயர் மாத்துற 14ஏ பாரத்தோட இணைச்சாத்தான் நில அலுவலகம் பதியும். சில சமயம் அப்பவும் திருப்பி அனுப்பும். இதுக்குத் தனி ஃபீஸ் கேட்டா, "ஒரு எழுத்துக்குக் காசா"ம்பாங்க.

பெரியவர் உயில் இல்லாம போயிட்டாருன்னா அது தனிக் கதை. 1958 பங்கீட்டுச் சட்டப்படி, இறந்தவரோட பெற்றோர் உயிரோட இல்லன்னா, மனைவிக்கு மூணுல ஒண்ணு, பிள்ளைங்களுக்கு மூணுல ரெண்டு. இதை மேசைக்கு முன்னாடி சொன்னதும் நாலு பிள்ளைங்களும் லாயரைத்தான் முறைப்பாங்க, சட்டத்தை இவரே எழுதின மாதிரி.

இப்போ ரிமாண்ட், அதாவது விசாரணைக்காகப் போலீஸ் காவல்ல வைக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு போன் வரும். "ஐயா, மகனைப் பிடிச்சிட்டாங்க." 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அதிகபட்சத் தண்டனை 14 வருஷத்துக்குக் கீழ உள்ள குற்றம்னா முதல்ல நாலு நாள் வரைக்கும், அடுத்து மூணு நாள் வரைக்கும். 14 வருஷமோ அதுக்கு மேலயோன்னா ஏழும் ஏழும். இதெல்லாம் அந்த அம்மாவுக்கு அந்த நேரத்துல புரியாது. "காலையில வந்துருவானா ஐயா?" அதுதான் கேள்வி. காலையில எட்டு மணிக்கெல்லாம் லாயர் அங்க நிப்பாரு, நாலு நாள்னு வந்ததை ஒரு நாள், ரெண்டு நாளாக் குறைக்கச் சொல்லி வாதாடுவாரு. ஃபீஸ்? "பையன் வெளிய வந்ததும் தர்றேன்யா." பையன் வெளிய வந்ததுக்கப்புறம் அந்த நம்பர் எடுக்காது. அந்த ஃபைல்கள் எங்க அலமாரியில ஒரு தட்டு முழுக்க இருக்கு.

"அப்போ ஏமாத்துற லாயரே இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்காங்க. கட்சிக்காரர் பணத்தைத் தொட்டவங்க இருக்காங்க, அதுக்கு ஒழுங்கு வாரியம் இருக்கு, புகார் கொடுங்க. ஆனா கட்சிக்காரர் பணம் தனிக் கணக்குல இருக்கணும், வருஷா வருஷம் கணக்காய்வாளர் அறிக்கை கொடுத்தாத்தான் அடுத்த வருஷத்துக்கு லைசென்ஸ். உங்க சங்கக் கணக்கை அப்படி வருஷா வருஷம் காட்டுறீங்களா? சும்மா கேட்டேன்.

"அது காமெடிப்பா, நீ ஏன் இவ்ளோ சீரியசா எடுக்குற?" இதுதான் கமெண்ட்ல அதிகமா வரப்போகுதுன்னு தெரியும். காமெடின்னா லாயரைப் பத்திச் சொல்லுங்க. கறுப்புக் கோட்டு, கழுத்துப் பட்டை, எதை வேணா சொல்லுங்க, நானும் சிரிப்பேன். அப்பனை எதுக்கு இழுக்கணும்? மேடையில அன்னைக்கு மூணு டாக்டர் உக்காந்திருந்தாங்க. அவங்க அப்பா என்ன வேலை பாத்தாருன்னு யாரும் சொல்லலையே.

ஜார்ஜ் டவுன் லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டு வளாகத்துல லோகன்னு ஒரு வெள்ளைக்கார லாயருக்கு நினைவுச் சின்னம் இருக்கு. 1869-ல செத்தவரு. அவரு அப்பா என்ன தொழில் பண்ணாருன்னு நம்ம ஆளுங்க ஒருத்தராவது கேட்டிருப்போமா? பேர்போன லாயரும் அரசியல்வாதியுமான கர்பால் சிங் இதே பினாங்குல 1940-ல பிறந்தவரு. அவரோட அப்பா காவலாளி, மாடும் வளத்தாரு. அதைச் சொல்லி யாராவது அவரை மட்டம் தட்டினா மண்டபத்துல சிரிப்பீங்களா? நம்ம வீட்டுப் பிள்ளைன்னாதான் சிரிப்பு வருது.

எங்க லாயர் எப்படி வந்தாருன்னு சொல்லிர்றேன். நிபோங் திபால் பக்கம் தோட்டத்து லயம். தமிழ்ப்பள்ளி, மலாய்ப் பாடத்துல மார்க் பத்தாம, இடைநிலைப்பள்ளிக்கு முன்னாடி புகுமுக வகுப்புல ஒரு வருஷம், அப்புறம் அஞ்சாம் படிவ, ஆறாம் படிவப் பரிட்சைங்க, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துல சட்டம் கிடைக்கல. பகல்ல வேலை பாத்துக்கிட்டே லண்டன் வெளிவாரிப் பட்டம். அதுக்கப்புறம் லாயராத் தொழில் பண்றதுக்கான சி.எல்.பி. பரிட்சை, அஞ்சு பேப்பர். அதுல எத்தனை பேரு விழுந்து எழுந்து மறுபடி விழுறாங்கன்னு அந்தப் பரிட்சை எழுதினவங்களைக் கேளுங்க. அதுவும் முடிஞ்சா ஒன்பது மாசம் சேம்பரிங், அதாவது ஒரு சீனியர் லாயர்கிட்ட பயிற்சி. அந்த மாஸ்டர் கொடுக்கிற அலவன்ஸ்தான். அனுமதி இல்லாம வேற வேலை செய்யக்கூடாது, அதுதான் விதி. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒன்பது மாசம் தெரியாது. அந்த ஒன்பது மாசமும் அந்த வீட்டுல யாரு சம்பளத்துல சோறு வெந்துச்சு? விடியக்காலை அஞ்சு மணிக்கு நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு மரம் வெட்டப் போன அப்பாவோட சம்பளத்துல. மழை பெஞ்சா மரம் வெட்ட முடியாது, அன்னைக்கு வருமானமும் கிடையாது.

"முதலாளிக்கு ஜால்ரா அடிக்கிறான்"னு எழுதப்போறவங்களுக்கு: எழுதுங்கலா. எனக்கும் அவருக்கும் சம்பள உயர்வு விசயத்துல சண்டை இருக்கு. அது வேற.

எங்க லாயரோட அப்பா, அந்தப் பெரியவரு, சனிக்கிழமை மண்டபத்துல மூணாவது வரிசையில இருந்தாரு. வெள்ளை முழுக்கைச் சட்டை, பொத்தான் கழுத்து வரைக்கும் போட்டு. மகனுக்குப் பொன்னாடைன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க. அவருக்கு இப்போ காது சரியா கேக்காது. எல்லாரும் சிரிச்சதும் அவரும் சிரிச்சாரு. வீடியோவுல 2 நிமிசத்துக்குக் கிட்ட பாருங்க, இடது ஓரத்துல தெரியும். கையும் தட்டுறாரு.

வீடியோவை எடுக்கச் சொல்லி நான் கேக்கல. மன்னிப்பும் கேக்கல. முன்வரிசையில ரொம்பச் சத்தமா சிரிச்சவங்கள்ல ரெண்டு பேருக்கு எங்க அலமாரியில ஃபைல் இருக்கு. என்ன ஃபைல்னு சொல்ல மாட்டேன். பாக்கி எவ்வளவுன்னும் சொல்ல மாட்டேன்.